மறு: விபத்துக்குப் பின் சாலையை விடுவது – ‘சாலை விடுவிப்பு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

விபத்துக்குப் பின் சாலையைச் சீக்கிரம் போக்குவரத்துக்கு விடுவதை ஆங்கிலத்தில் ‘quick clearance’ என்கிறார்கள். அதற்குத் தமிழாக முந்தைய மடலில் வந்த ‘துரித அகற்றல்’ எனக்கு ஒட்டவில்லை. அகற்றல் என்றாலே ஆக்கிரமிப்புதான் நினைவுக்கு வருகிறது. அதோடு, அகற்றுவது வண்டியை. நமக்கு வேண்டியது சாலை.

‘சாலை மீட்பு’? மீட்புக் குழு என்றால் ஆளைக் காப்பாற்றுகிறவர்கள். அடிபட்டவரை 108-இல் ஏற்றுவதும் வண்டியை ஓரங்கட்டுவதும் ஒரே இடத்தில் நடக்கும்போது இரண்டுக்கும் ஒரே சொல் குழப்பும். ‘வழிதிறப்பு’ அழகுதான். ஆனால் பாம்பனில் பாலம் திறக்கிறார்கள் என்றால் கப்பல் போக ரயில் பாலத்தைத் திறக்கிறார்கள் என்று பொருள்.

எனக்குச் சொல் கிடைத்தது பாம்பன் பாலத்துக்கு இக்கரையில் உள்ள மண்டபம் ஊரில். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்று 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் வரும்வரை, ராமேஸ்வரம் தீவுக்குப் போக 1988-இல் திறந்த சாலைப் பாலம் ஒன்றுதான். போக ஒரு தடம், வர ஒரு தடம். அப்போது ஒருநாள் பாலத்தில் இரண்டு வண்டிகள் மோதிக்கொள்ள, எங்கள் பேருந்து இக்கரையில் நின்றுவிட்டது. அக்கரையில் மீன் லாரிகள். என் பக்கத்து இருக்கைக்காரரின் சரக்கும் அதில் ஒன்றில் இருந்தது. ஐஸ் உருகுகிறதே என்று தவித்தார். போனில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே: “விட்டுட்டாங்களா?”

அதிலிருந்துதான் ‘சாலை விடுவிப்பு’. பொறுப்பானவர் ஒருவர் பார்த்துத்தான் விடுகிறார் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. டயர்த் தடத்தை அளந்து படமெடுத்து, கொட்டிய டீசல்மேல் மணல் போட்டு, கண்ணாடிச் சில்லைக் கூட்டிய பிறகே விட வேண்டும். கிரேன் இழுத்துப் போட்டதும் அகற்றல் முடிந்துவிடும், விடுவிப்பு முடியாது. நிதி விடுவிப்பு, கைதி விடுவிப்பு என்று ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், ‘சாலை’ முன்னால் நிற்கிறது.

அமெரிக்காவில் இரண்டு நேரங்களைத் தனித்தனியே அளக்கிறார்கள். தகவல் வந்ததிலிருந்து எல்லாத் தடங்களும் ஓடத் தொடங்கும்வரை ஒன்று. கடைசிப் பணியாளர் கிளம்பும்வரை இன்னொன்று. முதலாவதை ‘விடுவிப்பு நேரம்’, அடுத்ததைக் ‘களம்நீங்கு நேரம்’ எனலாம்.

அப்புறம், முதல் விபத்தால் தேங்கிய வரிசையில் வந்து மோதும் அடுத்த விபத்து. ‘தொடர் விபத்து’ என்றால் அடிக்கடி நடப்பது என்றே செய்திகளில் பழகிவிட்டது. ‘கிளை விபத்து’ என்று வைக்கலாமா? நடுவில் உயர்ந்த அந்தப் பாம்பன் சாலைப் பாலத்தில் மேட்டுக்கு அப்பால் வண்டிகள் நிற்பது ஏறி வருகிறவருக்குத் தெரியாது. அப்படி வந்து மோதுவதை ஓட்டுநர்கள் என்ன சொல்கிறார்கள் என்று உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கத்து நண்பர்கள் கேட்டு எழுதுங்கள்.