கை கால் சில்லுன்னு இருந்தாலே யாங் குறைபாடா? யாரு சொன்னது?

குவாங்ஜோ_மணி:
பக்கத்து இழையில சிங்கை_செல்வி அக்கா எழுதிருக்காங்க, "கை கால் சில்லுன்னு இருந்தா யாங் குறைபாடுதான், மருந்துக் கடையில ஜின் குய் ஷென் சி வான் மாத்திரை வாங்கிப் போடுங்க, உடம்பு சூடாயிடும்"னு. படிச்சதுமே பத்திக்கிட்டு வந்துச்சு. யாங்னா சீன வைத்தியத்துல உடம்புக்குச் சூடு குடுக்குற சக்தி. நான் எம்பிபிஎஸ் படிச்சது குவாங்ஜோல, சீன மருத்துவ வார்டுலயும் போஸ்டிங் பாத்தேன். அங்க கை சில்லுங்குதுன்னு வந்தா முதல்ல நாக்கை நீட்டச் சொல்வாங்க. நாக்கு வெளுத்து, தடிச்சு, ஓரத்துல பல்லு பதிஞ்ச தடம் இருக்கணும், மேல வெள்ளையா ஈரமா படிஞ்சிருக்கணும், நாடி ஆழத்துல மெதுவா ஓடணும். இதோட இடுப்பும் முழங்காலும் குளிர்ந்து, ராத்திரி அடிக்கடி ஒண்ணுக்கு எழுந்து, விடியக்காலைல வயித்தைக் கலக்கிட்டுப் போனா அப்பதான் சிறுநீரக யாங் குறைவுன்னே பேச்சு வரும். வெறும் கை சில்லுன்னா அதுக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

சிங்கை_செல்வி:
தம்பி, எங்கம்மாவுக்கு கை சில்லுன்னுதான் இருந்துச்சு, வேற ஒரு தொந்தரவும் இல்ல. சின்சே, அதாவது சீன வைத்தியர், கையப் புடிச்சுப் பாத்துட்டு யாங் குறைவுன்னுதான் சொன்னாரு. இங்க சிங்கப்பூர்ல 2000லயே சட்டம் போட்டு, பதிவு பண்ணாதவங்க சீன வைத்தியம் பாக்கக்கூடாதுன்னு வச்சிருக்காங்க. அவரு பதிவு பண்ணவரு. நீங்க வார்டுல போஸ்டிங் பாத்தவரு, அவரு தினமும் பேஷண்ட் பாக்குறவரு. யாரு சொல்றத கேக்கணும்?

குவாங்ஜோ_மணி:
கையப் புடிச்சாருன்னா நாடி பாத்துருக்காருக்கா! சில்லுன்னு இருக்கான்னு தொட்டுப் பாக்கவா புடிச்சாரு? கை சில்லுங்குறதுக்கு ஜாங் ஜோங்ஜிங்னு பழைய சீன வைத்தியர் ஒரே புத்தகத்துல, ஷாங் ஹான் லுன்ல, ரெண்டு மருந்து எழுதிருக்காரு. சி நி தாங்ல ஃபூ ட்சிங்குற சூடான வேர், சுக்கு, அதிமதுரம், அது யாங் அடங்கிப் போனவனுக்கு. சி நி சான்ல சூடு குடுக்குற சரக்கு ஒண்ணுகூட இல்ல, ஏன்னா அங்க சி, அதாவது உடம்புல ஓடுற உயிர்ச்சக்தி, உள்ள முட்டிக்கிட்டு விரலுக்கு வராம நிக்குது, டென்ஷன் பார்ட்டிக்கெல்லாம் கை சில்லுன்னு ஆகுறது இதுதான். இன்னும் ஒரு படி மேல, உள்ள கொதிக்கிற காய்ச்சல்ல கை ஜில்லுன்னு போனவனுக்கு பாய் ஹு தாங், முழுக்கக் குளிர்ச்சி. 1800 வருஷத்துக்கு முன்னாடியே அந்த மனுஷன் பிரிச்சு வச்சுட்டுப் போயிட்டாரு, நாம இங்க ஒரே மாத்திரைய எல்லாருக்கும் குடுத்துட்டிருக்கோம்.

லேப்_சுமதி:
நான் லேப்ல வேலை பாக்குறேன். குளிர் தாங்கல, அசதி, மூஞ்சி ஊதிருக்கு, நாடி மெதுவா இருக்குன்னு வந்தா நாங்க டிஎஸ்ஹெச்ங்குற தைராய்டு டெஸ்ட்டும் ஹீமோகுளோபினும் எடுப்போம். தைராய்டு கம்மியா இருந்தா மாத்திரை இருக்கு, ரத்தசோகைன்னா அதுக்கும் இருக்கு. குளிர்ல விரல் வெளுத்து நீலமாயி அப்புறம் செவந்தா ரேனாட், விரல் ரத்தக்குழாய் சுருங்குற கோளாறு. இதை விட்டுட்டு நாக்கைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்களே ரெண்டு பேரும்.

குவாங்ஜோ_மணி:
சுமதி மேடம், டெஸ்ட் எடுக்கவேணாம்னு யாரு சொன்னா? அங்க ஆஸ்பத்திரியில ரெண்டையும்தான் பாக்குறாங்க. நான் கேக்குறது கை சில்லுங்குற ஒரே விஷயத்த வச்சு யாங்னு முடிவு பண்ணலாமான்னு மட்டும்தான்.

சிங்கை_செல்வி:
பண்ணலாம். 2009ல சீன மருத்துவச் சங்கமே ஒன்பது வகை உடல்வாகுன்னு வெளியிட்டாங்களே, யாங் குறைஞ்ச உடம்புக்கான கேள்வில "கை கால் சில்லுங்குதா"ன்னு இருக்கா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

குவாங்ஜோ_மணி:
இருக்கு. மொத்தம் ஏழு கேள்வி, அதுல ஒண்ணு. ஏழுக்கும் மார்க் போட்டுக் கூட்டணும். ஜில்லுன்னு சாப்ட்டா வயிறு கெடுதா, முதுகு இடுப்பு குளிருதா, மத்தவங்களவிட குளிர் தாங்கலையான்னு மிச்ச கேள்விய ஏன்க்கா விட்டுட்டீங்க?

நாடிவேல்:
இவ்ளோ சண்டை எதுக்கு? வாதம் பித்தம் ஐயம்னு நம்ம சித்தர்கள் எப்பவோ சொல்லிட்டாங்க. போகர் சீனாவுக்குப் போயி சொல்லிக் குடுத்ததுதான் இது எல்லாம். மாக்ஸான்னு பத்தவச்சு சூடு காட்டுறானே அது நம்ம மாசிபத்திரி. ஃபூ ட்சி நம்ம நாபிக் கிழங்கு. நாம கோமூத்திரத்துல விஷம் போகச் சுத்தி பண்ணித்தான் குடுப்போம், அவன் கடையில சும்மா வித்துட்டிருக்கான்.

குவாங்ஜோ_மணி:
ஐயா, தெரியாம பேசாதீங்க. மாசிபத்திரியும் மாக்ஸாவும் ஒரே குடும்பம், ஒரே செடி இல்ல. உங்க நாபி இமயமலைப் பக்கம் வர்ற இனம், ஃபூ ட்சி சிச்சுவான்ல ஜியாங்யோல வெளையுற வேற இனம். அதுலயும் அகோனிட்டின்ங்குற விஷம் இருக்கு, அதனாலதான் உப்புத் தண்ணில ஊறப்போட்டு வேகவச்சு எடுக்குறாங்க, கஷாயத்துல போட்டாலும் மத்த சரக்குக்கு முன்னாடியே ஒரு மணி நேரமாவது அதைத் தனியா கொதிக்க விடணும். உதடு நாக்கு மரத்துப் போச்சுன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், இதயத் துடிப்பையே குலைச்சுடும். சும்மா விக்கிறாங்களாம்!

சிங்கை_செல்வி:
அந்த மாத்திரையில எட்டுப் பங்கு வேற ஒரு கிழங்குக்கு ஃபூ ட்சி ஒரே ஒரு பங்கு. பயமுறுத்தாதீங்க. மாத்திரை வேணாம்னா இஞ்சி, டாங் குய் வேர் போட்டு ஆட்டுக்கறி சூப் வைங்க, அதுவும் உங்க ஜாங் ஜோங்ஜிங் சொன்னதுதான். தொப்புளுக்குக் கீழ மாக்ஸா காட்டுங்க, ஐஸ் தண்ணிய நிறுத்துங்க. எங்கம்மாவுக்குக் கேட்டுச்சு. கை சூடாச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

குவாங்ஜோ_மணி:
அம்மாவுக்கு நல்லதுதான், சந்தோஷம். ஆனா உள்ளங்கை உள்ளங்கால் எரிஞ்சு, ராத்திரி வேர்த்து, நாக்கு செவந்து மேல படிவே இல்லாம இருக்குறவங்க, அதாவது உடம்புக்குக் குளிர்ச்சியும் ஈரமும் குடுக்குற யின் குறைஞ்சவங்க, இதைப் படிச்சுட்டு அதே மாத்திரையும் ஆட்டுக்கறியும் எடுத்தா இன்னும் காஞ்சு போவாங்க. யாங்தான் எப்பவும் மிச்சம்னு 14ஆம் நூற்றாண்டுல ஜு தான்ஷின்னு ஒரு சீன வைத்தியர் சொன்னாரு, இல்லவே இல்லன்னு அப்புறம் மிங் அரசர்கள் காலத்துல ஜாங் ஜிங்யுவேன்னு இன்னொரு வைத்தியர் எதுத்தாரு. அவங்களே அவ்ளோ யோசிச்சு அடிச்சுக்கிட்டாங்க, நீங்க கையத் தொட்டு முடிச்சுட்டீங்க.

சிங்கை_செல்வி:
எல்லாம் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான். போன தடவை கிரீன் டீ இழையிலயும் இப்படித்தான் பக்கம் பக்கமா எழுதி, கடைசில என் பதிவத் தூக்க வச்சீங்க. மறக்கல தம்பி.

குவாங்ஜோ_மணி:
நான் தூக்கச் சொல்லல. மாடரேட்டர் தூக்குனாரு.

லேப்_சுமதி:
யாராச்சும் டிஎஸ்ஹெச் எடுத்தீங்களா இல்லையா?

சிங்கை_செல்வி:
ரிப்போர்ட் குடுத்தது யாருன்னு மாடரேட்டர்கிட்டயே கேட்டுட்டேன். அவரு பேரு சொன்னாரு.

நாடிவேல்:
போகர் பத்தி கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

குவாங்ஜோ_மணி:
நீங்க கேள்வியே கேக்கலையே ஐயா, போகர் சொல்லிக் குடுத்தாருன்னு நீங்களா அடிச்சு விட்டீங்க. எந்த ஏட்டுல, எந்தப் பாட்டுலன்னு போடுங்க, அப்புறம் பேசுவோம். செல்வி அக்கா, மாடரேட்டர் பேரு சொன்ன ஸ்கிரீன்ஷாட் இருந்தா அதையும் இங்கயே போடுங்க, எல்லாரும் பாக்கட்டும்.