சக்கரா, பிரிசில்நோஸா? இரண்டடித் தொட்டிக்கு இந்த மீன் சரியா?

காவிரிக்கரை
கடையில் "டேங்க் கிளீனர் சார், பாசி, கழிவு எல்லாத்தையும் தின்னுடும்" என்று சொல்லி ஒரு சக்கர் மீனைக் கொடுத்தார்கள். விரல் நீளம்தான். பழுப்பு உடம்பில் கருப்புப் புள்ளிகள், நாள் முழுக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. தொட்டி 2 அடி. கூடவே மோலியும் கோல்டு ஃபிஷ்ஷும் இருக்கின்றன. இது பிரிசில்நோஸ் என்ற மீசைக்காரச் சின்ன சக்கர் வகை, பெரிதாக வளராது என்கிறார் நண்பர். ஆனால் முகத்தில் மீசை எதுவும் இல்லையே?

மீனலோசனி
மீசையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிரிசில்நோஸ் ஆணுக்கே ஆறேழு சென்டிமீட்டர் ஆன பிறகுதான் அந்தக் கிளை கிளையான மீசை தெரியும். பெண்ணுக்கு உதட்டோரத்தில் லேசாக இருக்கும், இல்லாமலும் போகும்.

முதுகுத் துடுப்பைப் பாருங்கள். அது துடுப்பை விரிக்கும் நேரமாகப் பார்த்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். முன்னால் நிற்கும் கெட்டியான முள்ளை விட்டுவிட்டு, அதன் பின்னால் துடுப்பைத் தாங்கி நிற்கும் மெல்லிய கோடு போன்ற கதிர்களை எண்ணுங்கள். 7 வந்தால் பிரிசில்நோஸாக இருக்கலாம். 10க்கு மேல் போனால் டெரிகோப்ளிக்திஸ், அதாவது நம் கடைகளில் கிடைக்கிற சாதாரண சக்கர்.

காவிரிக்கரை
12 வருகிறது. வயிற்றில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நெளிநெளியாக இருக்கின்றன.

மீனலோசனி
அப்போது சந்தேகமே இல்லை, சாதாரண சக்கர்தான். அதிலேயே இரண்டு இனம் உண்டு: வயிற்றுப் புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் பார்டாலிஸ், நெளிநெளியாக இருந்தால் டிஸ்ஜங்டிவஸ் என்பார்கள். இரண்டும் கலந்தவையும் நிறைய உண்டு, அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டுமே அமேசான் பக்கத்து மீன்கள், ஒன்றரை அடி வரை போகக்கூடியவை. உங்கள் தொட்டியின் அகலம் ஒரு அடி இருக்குமா? வளர்ந்த பிறகு அதில் திரும்பவே முடியாது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கொளத்தூர்_பழசு
ஆரம்பிச்சாச்சா? நான் இதே தொழிலில் இருப்பவன். தொட்டிக்குத் தக்கபடிதான் வளரும். என் கடையில் ஒரு சக்கர் வருடக்கணக்காக 2 அடித் தொட்டியில் ஒரு சாண் அளவிலேயே நிற்கிறது. கரன்ட் போய் ஏர் பம்ப் நின்றால் மற்ற மீன்கள் தவிக்கும். இது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, வயிற்றாலேயே சுவாசித்துக்கொண்டு சும்மா கிடக்கும். புதிதாக வளர்ப்பவருக்கு இதைவிடக் கெட்டியான மீன் எது தங்கச்சி? புத்தக அளவெல்லாம் பார்த்தால் கோல்டு ஃபிஷ்கூட யாரும் வாங்க முடியாது.

அரைலிட்டர்
கோல்டு ஃபிஷ் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை அண்ணே, அதுவும் 2 அடிக்கு ஆகாது. ஆனால் அந்த ஒரு சாண் மீன் தொட்டியைப் பார்த்து வளர்ச்சியை நிறுத்தியதா, கழிவு சேர்ந்த தண்ணீரில் குன்றிப் போனதா? பத்து வருடத்துக்கு மேல் வாழ வேண்டிய மீன் அது.

"கழிவைத் தின்னும்" என்பதுதான் பெரிய பொய். எந்த சக்கரும் மற்ற மீனின் கழிவைத் தின்னாது. தொட்டியிலேயே அதிகம் கழிவு போடுவது இதுதான், காலையில் பார்த்தால் நூல் நூலாகக் கிடக்கும். பாசி தீர்ந்து, நீங்களும் தீனி போடவில்லை என்றால், ராத்திரியில் கோல்டு ஃபிஷ்ஷின் பக்கவாட்டில் ஒட்டி மேல்வழவழப்பைச் சுரண்ட ஆரம்பிக்கும். அங்கே புண் வரும்.

கொளத்தூர்_பழசு
பட்டினி போட்டால் எந்த மீன்தான் சும்மா இருக்கும்? ஒரு துண்டு வெள்ளரிக்காய் போடச் சொல்லுங்கள், தீர்ந்தது.

அரைலிட்டர்
அதைக் கடையிலேயே சொல்லலாமே! காவிரிக்கரை, இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். விளக்கை அணைத்த பிறகு வெள்ளரியோ சுரைக்காயோ ஒரு துண்டு, மிதக்காமல் இருக்க ஒரு முள்கரண்டியில் குத்தி இறக்குங்கள். காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். அடியில் மூழ்கும் வேஃபர் தீனியும் வேண்டும். ஒளிந்துகொள்ள ஒரு மரக்கட்டை போடுங்கள். தண்ணீர் 24 முதல் 28 டிகிரி போதும், நம் ஊரில் ஹீட்டருக்கு அவசியம் வராது. பிடிக்கும்போது வலையைத் தொடாதீர்கள், துடுப்பு முள் சிக்கினால் வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். டப்பாவில் ஒதுக்கிப் பிடியுங்கள்.

வெள்ளாறு88
இவ்வளவு தொல்லை எதுக்கு? பக்கத்து ஏரியில் விட்டுவிட்டால் அதுபாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளும்.

மீனலோசனி
தயவுசெய்து வேண்டாம். பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் பிரச்சினையே. கரையைக் குடைந்து பொந்து போட்டு முட்டை வைக்கும். கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களில் மீன் வளர்ப்பவர்களுக்கு இதே மீன் பெரும் தலைவலி. மெக்சிகோவில் இன்ஃபியர்னில்லோ நீர்த்தேக்கத்தில் திலேப்பியா பிடித்துப் பிழைத்தவர்களின் வலையில் இதுதான் குவிந்தது.

கொளத்தூர்_பழசு
இதில் மட்டும் தங்கச்சி பக்கம். ஏரியில் விடாதே தம்பி. காவிரிக்கரை, வாங்கிய கடையில் எடுக்கவில்லை என்றால் என்னிடம் கொண்டு வாருங்கள். காசு கிடையாது, பதிலுக்கு ஒரு ஜோடி கப்பி தருகிறேன்.

மீனலோசனி
நல்லது அண்ணே. அப்புறம் அந்த மீனை அடுத்தவருக்கு என்ன சொல்லி விற்பீர்கள்?

கொளத்தூர்_பழசு
கேட்டால் சொல்வேன், ஒன்றரை அடி ஆகும் என்று. யாரும் கேட்பதில்லையே!