ஜிம்மி மூச்சை உள்ளுக்கு இழுத்து ‘கொர் கொர்’ங்குது, என்னவா இருக்கும்?

தலவாக்கலை_செல்வி:
எங்க நாய் ஜிம்மிக்கு ஆறு வயசு, பொமரேனியன் கலப்பு. தோட்டத்துல லயத்து வீடு (வரிசையா ஒட்டிக் கட்டின தொழிலாளர் வீடு). மூணு வாரமா, விடியக்காலையில அம்மா அடுப்பு பத்தவைக்கிற நேரம் பாத்து ஆரம்பிக்குது. காலை அகட்டி நின்னு, கழுத்தை நீட்டி, மூக்கால காத்தை ‘ங்கொர்... ங்கொர்’னு இழுக்குது. பன்னி உறுமுற மாதிரியே. அரை நிமிஷந்தான், அப்புறம் வாலை ஆட்டிக்கிட்டு ரொட்டி கேக்குது. முள்ளு சிக்கியிருக்கும்னு வாயைத் தொறந்து பாத்த அப்பா கடி வாங்கினதுதான் மிச்சம். பக்கத்து வீட்டு மாமா ஆஸ்துமாங்குறார் (அவருக்கு எல்லாமே ஆஸ்துமாதான்). மிருக வைத்தியர்கிட்ட போக ரெண்டு பஸ் மாறணும், அப்பாவுக்கு ஒரு நாள் பேர் (கூலி) போயிரும். போகத்தான் வேணுமா?

பண்டாரவளை_ரவி:
தங்கச்சி, இது ரிவர்ஸ் ஸ்னீசிங் மாதிரி இருக்கு. தும்மல்ல காத்து வெளிய பாயும், இதுல உள்ளுக்குப் போகும். மூக்குக்குப் பின்னால எதாச்சும் உறுத்தினா வரும். புகை, தூசி, சங்கிலியில கட்டி இழுக்கிறது, எதுவும் ஆகலாம். ஈர விறகா எரிக்கிறீங்க? வரும்போது தொண்டையை மெதுவா தடவிவிடுங்க, எச்சில் முழுங்கினா நிக்கும்.

மஸ்கெலியா_அக்கா:
ரவி சொல்றது சரிதான். ஆனா பீலித்தண்ணி (ஊத்துத் தண்ணி), கான்தண்ணி (வாய்க்கால் தண்ணி) குடிக்குமாம்மா? எங்க ரோசிக்கும் தும்மல்னுதான் இருந்தோம். அப்புறம் ஒரு பக்க மூக்குல மட்டும் ரத்தம். டோர்ச் அடிச்சா கறுப்பா ஒண்ணு எட்டிப் பாத்துட்டு உள்ள போகுது. அட்டை! புகையிலைச் சாறு ஊத்தச் சொன்னாங்க, நல்லவேளை ஊத்தல. டாக்டர் மூக்குக்கிட்ட கிண்ணத்துல தண்ணி வெச்சார், அது தலையை நீட்டினதும் இடுக்கியால இழுத்துட்டார்.

கம்பளை_நிலா:
பேராதனையில மிருக வைத்தியம் படிக்கிறேன், இன்னும் டாக்டர் இல்ல. பொமரேனியன்ங்குறதால ஒண்ணு சொல்றேன். வாத்து கத்துற மாதிரி வறட்டு இருமல் வந்தா கதை வேற, அது மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாகிறது. கழுத்துப் பட்டியை இப்பவே கழட்டிட்டு நெஞ்சுல மாட்டுற பட்டி போடுங்க. நல்லாத் தூங்கும்போது நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு ஒரு நிமிஷம் எண்ணுங்க. 30க்கு மேலயே நின்னா காட்டணும். ஈறு நீலமாவோ வெளுத்தோ போனா, மயங்கி விழுந்தா, பேரைப் பாக்காம அன்னைக்கே தூக்கிட்டு ஓடுங்க. அடுத்த தடவை போன்ல வீடியோ எடுத்து வைங்க. டாக்டர் முன்னால அது அந்தச் சத்தம் போடவே போடாது!

தலவாக்கலை_செல்வி:
எண்ணினேன், 19. ஈறு ரோசாதான். மூக்குல ரத்தமும் இல்ல, அக்கா. ஆனா அது படுக்கிற சாக்கு அடுப்படியிலயே கிடந்திருக்கு, எங்க யாருக்கும் தோணல. இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) மாத்தி நாலு நாளாச்சு. ஒரே தடவைதான் வந்துச்சு, வெள்ளிக்கிழமை அம்மா சாம்பிராணி போட்டப்ப. வீடியோவும் எடுத்துட்டேன். அடுத்த மாசம் ஊசி போடப் போகும்போது டாக்டர்கிட்ட காட்டுறேன். இப்ப என்னன்னா, வெளிய குளிருதுன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு கதவைச் சுரண்டுது.