பிஎல்டி இல்லாத லைப்ரரியால் எல்டி_ப்ரொஃபைல் நின்றுபோவது ஏன்?

கேள்வி:
எங்கள் கணக்கீட்டு நிரலின் முதன்மை ஷேர்டு லைப்ரரியில் எந்த ஃபங்ஷன் எத்தனை முறை அழைக்கப்படுகிறது என்று அறிய, அதன் பெயரை, லைப்ரரி அழைப்புகளை அளக்கச் சொல்லும் எல்டி_ப்ரொஃபைல் சூழல் மாறியில் கொடுத்து நிரலை ஓட்டினேன். மெயின் ஃபங்ஷனை எட்டும் முன்பே, "நோ பிஎல்டிரெல் ஃபவுண்ட் இன் ஆப்ஜெக்ட்" என்ற பிழைச்செய்தியுடன், லைப்ரரிகளை ஏற்றி இணைக்கும் டைனமிக் லிங்கர் நிறுத்திவிடுகிறது (பிஎல்டி என்பது வெளி ஃபங்ஷன்களுக்கான அழைப்புகள் கடந்துசெல்லும் அட்டவணை). செய்தி சுட்டுவதோ நான் அளக்க விரும்பிய லைப்ரரியை அன்று. எண் அட்டவணைகளும், வெளியே எதையும் அழைக்காத சில ஃபங்ஷன்களும் மட்டுமே உள்ள வேறொரு சிறு லைப்ரரியை. இதைக் கைவிட்டு, லிங்கரின் செயல்களைக் கண்காணிக்கும் ஆடிட் மாட்யூல்களை ஏற்றும் எல்டி_ஆடிட் வழியாக ஓட்டிப் பார்த்தால், பவர் செயலி உள்ள சர்வரில் பல த்ரெட்கள் ஓடும்போது, லிங்கரின் _டிஎல்_ப்ரொஃபைல்_ஃபிக்ஸப் ஃபங்ஷனுக்குள் எப்போதாவது செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான நினைவக அணுகல்) வருகிறது. எக்ஸ்86 கணினியில் அது வருவதே இல்லை. இரண்டிலும் ஜிலிப்சி (டைனமிக் லிங்கரையும் உள்ளடக்கிய சி லைப்ரரி) 2.17 உள்ளது. இவை ஒரே பிழையின் இரு முகங்களா?

பதில் 1:
இரண்டும் வெவ்வேறு பிழைகள். ஆனால் ஒரே தரவு அமைப்பைச் சுற்றி எழுபவை. வழக்கமான லேசி பைண்டிங்கில், ஒரு ஃபங்ஷன் முதன்முறை அழைக்கப்படும்போது டைனமிக் லிங்கர் அதன் முகவரியைத் தேடி ஜிஓடி என்னும் முகவரி அட்டவணையில் எழுதிவிடுவதால், அடுத்த அழைப்புகள் லிங்கரைத் தொடாமல் நேராகப் போய்விடும். ப்ரொஃபைலிங்கில் ஒவ்வோர் அழைப்பையும் எண்ண வேண்டியிருப்பதால் ஜிஓடியில் அந்த முகவரியை எழுதுவதில்லை. மாறாக, கண்டுபிடித்த முகவரியை எல்_ரீலாக்_ரிசல்ட் என்னும் தனி வரிசையில் சேமித்துவைத்து, ஒவ்வொரு முறையும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது.

அழைப்பவர் எந்த லைப்ரரியில் இருந்தாலும் எண்ண வேண்டும் என்பதால், இந்த வரிசை அளக்கப்படும் லைப்ரரிக்கு மட்டுமன்றி, ஏற்றப்படும் ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கப்படுகிறது. அதன் அளவைக் கணக்கிட பிஎல்டி ரீலொகேஷன்களின் (லிங்கர் நிரப்ப வேண்டிய முகவரிகளைக் குறிக்கும் பதிவுகளின்) விவரம் தேவை. வெளியே எதையும் அழைக்காத உங்கள் சிறு லைப்ரரிக்குப் பிஎல்டியே இல்லை. பழைய நிரல் அதை இயல்பான நிலையாகக் கருதாமல், மீளமுடியாத பிழையாக எடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. பிந்தைய ஜிலிப்சியில், பிஎல்டி இருந்தால் மட்டும் வரிசையை ஒதுக்கு என்று நிபந்தனை மாற்றப்பட்டிருக்கிறது. பதிப்பை உயர்த்த முடியாவிட்டால், அந்த லைப்ரரியில் வெளி ஃபங்ஷன் ஒன்றை அழைக்கும் வரியைச் சேர்த்துப் பிஎல்டி உருவாகும்படி செய்யலாம். அழகான தீர்வு அன்று, ஆனால் வேலை செய்யும்.

பதில் 2:
த்ரெட் சிக்கலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த வரிசையின் ஒவ்வோர் உறுப்பிலும் முகவரியோடு, ஃபங்ஷன் எந்த லைப்ரரியில் கிடைத்தது, ஆடிட் மாட்யூல்கள் என்ன கேட்டுக்கொண்டன என்ற விவரங்களும் உள்ளன. முகவரி சுழியம் அல்லாவிட்டால் உறுப்பு முழுவதும் நிரப்பப்பட்டுவிட்டது என்று பழைய நிரல் நம்புகிறது. ஒரு த்ரெட் இவ்விவரங்களை எழுதிய அதே முன்பின் ஒழுங்கிலேயே மற்றொரு த்ரெட் அவற்றைக் காணும் என்ற உறுதி பவர் போன்ற செயலிகளில் இல்லை. எனவே முகவரி தெரிந்தும், லைப்ரரிக்கான பாயிண்டர் இன்னும் நல் ஆகவே தெரியும் ஒரு கணம் உண்டாகலாம். ஆடிட் இயங்கும்போது அந்தப் பாயிண்டர் வழியாகப் படிக்க முயல்வதே உங்கள் ஃபால்ட். எக்ஸ்86 செயலியின் நினைவக ஒழுங்கு கடுமையானது என்பதால் அங்கே பிழை மறைந்துகிடக்கிறது.

இது ஜிலிப்சி பிழைப்பட்டியலில் 23690ஆம் எண். 2018இல் திருத்தப்பட்டு, 2.29 பதிப்பில் வெளிவந்தது. முகவரியையே காவலாகக் கொள்ளாமல், தனியாக ஒரு முழு எண் உறுப்பைச் சேர்த்து, அதை ரிலீஸ் முறையில் எழுதி அக்வயர் முறையில் படிக்கிறார்கள் (அதற்கு முன் எழுதியவை எல்லாம் படிக்கும் த்ரெட்டுக்குத் தெரியும் என்று உறுதிசெய்யும் இணை முறைகள் இவை). சில கட்டமைப்புகளில் முகவரிப் புலம் அணுநிலையில் ஒரே மூச்சில் படிக்க முடியாத அளவுக்குப் பெரியது என்பதே தனி உறுப்புக்குக் காரணம். 2.17க்கு இத்திருத்தத்தை எடுத்துச் செல்வதானால், மூன்று வரி மாற்றம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தப் பதிப்பின் அணுநிலை மேக்ரோக்களையும் உடன் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சோதனைக்கென 2.35 உள்ள கணினியில் ஓட்டினேன். இரண்டு பிழைகளும் வரவில்லை. ஆனால் ப்ரொஃபைல் கோப்பைப் படித்துக்காட்டும் எஸ்ப்ராஃப் கருவி தரும் அறிக்கையில் சில ஃபங்ஷன்களுக்கு நேரம் பதிவாகியிருந்தும் அழைப்பு எண்ணிக்கை சுழியமாக இருக்கிறது.

பதில் 3:
அது பிழையன்று. நேரம், நிரல் எங்கே ஓடுகிறது என்று அவ்வப்போது பார்த்துக் குறிக்கும் டைமர் மாதிரிகளிலிருந்து வருகிறது. எண்ணிக்கையோ பிஎல்டி வழியாகச் செல்லும் அழைப்புகளிலிருந்து மட்டும் வருகிறது. லைப்ரரிக்குள்ளேயே நேரடியாக நிகழும் அழைப்புகளும், ஃபங்ஷன் பாயிண்டர் வழி அழைப்புகளும், ஜிசிசி தொகுப்பியின் "நோ-பிஎல்டி" விருப்பத்துடன் தொகுத்த நிரலின் அழைப்புகளும் அதில் சேரா. இன்னொன்று: ப்ரொஃபைல் கோப்பு ஒவ்வோர் ஓட்டத்திலும் முந்தைய எண்களுடன் கூட்டிக்கொண்டே போகும். லைப்ரரியை மறுபடி தொகுத்தபின், அதன் அளவு மாறியிருந்தால் பொருந்தாத கோப்பு என்று லிங்கர் சொல்லிவிடும். அளவு மாறாமல் ஃபங்ஷன்களின் இடம் மட்டும் மாறியிருந்தால் எதுவும் சொல்லாமல் பழைய எண்களோடு புதியவற்றைக் கலந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தொகுப்புக்குப் பிறகும் அந்தக் கோப்பை அழித்துவிட்டு ஓட்டுங்கள்.