சோறு 100 கிராம்: 130 கலோரியா, 356 கலோரியா?

காவேரிக்கரை:
அப்பாவுக்கு ஆறு மாசமா சுகர். அவர் சாப்பிடுறதை எல்லாம் போன் ஆப்ல எழுதி வைக்கிறேன். சோறு 100 கிராம்னு தேடினா ஒரு வரி 130 கலோரிங்குது, அதுக்குக் கீழேயே இன்னொன்னு 356ங்குது. நேத்து நான் 356ஐத் தொட்டுட்டேன். கணக்கு எகிறிடுச்சுன்னு பார்த்துட்டு, ரெண்டாவது கரண்டி வேண்டாம்னு அப்பா தட்டை நகர்த்திட்டார். மனசே கேக்கல. இந்த எண்களை யார் போடுறாங்க? யாராவது சரிபார்க்கிறாங்களா?

கோவை_லேப்:
உணவுப் பரிசோதனைக் கூடத்துல 11 வருஷமா இருக்கேன்மா. ரெண்டு எண்ணுமே சரிதான். 356 அரிசிக்கு, 130 வெந்த சோத்துக்கு. ஆப்ல "சோறு"ன்னு பேர் வெச்சவர் அரிசிக் கணக்கை அதுல ஒட்டிட்டார்.

அந்த 356, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல வெளியிட்ட அட்டவணையில இருக்கிறது. நாட்டை ஆறு மண்டலமாப் பிரிச்சு மாதிரி எடுத்து, 528 உணவுகளை அளந்தாங்க. அதுல கலோரிக்குப் பதிலா கிலோஜூல்ங்கிற அலகுலதான் இருக்கும்: 1491. அதை 4.184ஆல வகுத்தா 356. 130ங்கிறது அமெரிக்க வேளாண் துறையோட பட்டியல்ல இருக்கிற எண்.

இந்த அட்டவணைகளுக்குக் கலோரியைப் பெரும்பாலும் நேரா அளக்கிறதில்லை. முதல்ல ஈரம். மாவைச் சின்னக் கிண்ணத்துல வெச்சு 105 டிகிரி ஓவன்ல காய வைப்போம். எடுத்து, ஆற வெச்சு, எடை போடுவோம், திரும்ப ஓவன். எடை மாறாம நிக்கிற வரைக்கும் இதேதான். புரதத்துக்கு நைட்ரஜனை அளந்து பெருக்குவோம். அரிசிக்கு 5.95, பொதுவா 6.25. கொழுப்பையும் அளந்த பிறகு, மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9னு போட்டுக் கூட்டினா கலோரி.

ஈரத்துல கோட்டை விட்டா மத்த எல்லாமே தப்பு. உங்க சோத்துல நடந்ததும் அதுதான், தண்ணிதான் வித்தியாசம்.

குன்னூர்_வாத்தியார்:
இந்த வேலை தொடங்கினதே எங்க ஊர்லதான். இந்திய உணவுகளோட சத்து அட்டவணை 1937ல, குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தோட இயக்குநரா இருந்த அய்க்ராய்ட் தலைமையில வந்தது. 1958லதான் அந்த ஆய்வுக்கூடம் ஹைதராபாத் போச்சு.

பேரனோட பிஸ்கட்டை ஆப்ல தேடினப்ப, கொழுப்பு 2 கிராம்னு இருந்தது. பாக்கெட்ல 20. யாரோ பயனர் புள்ளியைத் தப்பா வெச்சிருக்கார், ரெண்டு வருஷமா யாரும் திருத்தலை. கம்பெனி லேபிள்ல இருந்து வந்த எண்ணா, ஆய்வுக்கூடம் அளந்ததா, யாரோ தட்டினதான்னு பார்த்துட்டுத் தொடுங்க.

காவேரிக்கரை:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்கு எடை போட்டேன். 200 கிராம் அரிசி, வடிச்சதும் 560 கிராம் சோறு. 712 கலோரியை 5.6ஆல வகுத்தா 127 வருது! இட்லிக்கு என்ன பண்றது? அட்டவணையில இல்லையே.

கோவை_லேப்:
அட்டவணையில பெரும்பாலும் சமைக்காத பொருள்தான். அரிசி, உளுந்து ரெண்டையும் ஊற வைக்கிறதுக்கு முன்னாடி எடை போட்டுக் கலோரியைக் கூட்டுங்க, மொத்த மாவுல எத்தனை இட்லி வருதோ அதால வகுங்க. வடிச்ச கஞ்சியில கொஞ்சம் போயிருக்கும், அதனால 127ஐ மேல்பக்கமா வெச்சுக்கோங்க. அப்பாகிட்ட இந்தக் கணக்கைக் காட்டுங்க, ரெண்டாவது கரண்டியை டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணட்டும்.