வளவு இலையில தேத்தண்ணி: திருகோணமலைக்காரரின் அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து:

2022இல பால்மாவும் இல்லை, காஸும் இல்லை. அப்பதான் பின்னேரத் தேத்தண்ணிக்கு வளவைப் பார்க்கத் தொடங்கினம். வேலியோரம் துளசி, கிணத்தடியில எலுமிச்சைப்புல், சாடியில கற்பூரவள்ளியும் புதினாவும். விறகடுப்பில ஒருக்காத் தண்ணி கொதிக்க வைச்சு சுடுதண்ணிப் போத்தலில ஊத்திவிடுவம். நினைச்ச நேரமெல்லாம் அடுப்பு மூட்ட ஏலாது. அதாலதான் இலையை அவிக்காமல் ஊறவிடுற பழக்கம் வந்தது.

காஸ் திரும்பக் கிடைச்ச பிறகும் அதை விடேல்லை. துளசி, புதினாவின்ர வாசமெல்லாம் அதுகளில இருக்கிற எண்ணெயிலதான். அது ஆவியோட பறந்துபோற எண்ணெய். திறந்த சட்டியில கொதிக்கவிட்டா குசினி முழுக்க மணக்கும், கோப்பையில ஒண்டும் மிஞ்சாது. கொதிச்ச தண்ணியை இலைக்கு மேல ஊத்தி, மூடி, ஏழெட்டு நிமிசம் விடுங்கோ. திறக்கேக்க மூடியில நிக்கிற துளியையும் கோப்பைக்குள்ளயே தட்டுங்கோ, வாசம் அதிலயும் நிக்குது.

பச்சை இலையில பெரும்பங்கு தண்ணிதான். காய்ஞ்ச இலை ஒரு தேக்கரண்டி போடுற இடத்தில பச்சை மூண்டு கரண்டி வேணும். துளசியைக் கையால கசக்கினாப் போதும். எலுமிச்சைப்புல்லெண்டா அடித்தண்டையும் எடுங்கோ. அம்மியில வைச்சு ஒரு தட்டுத் தட்டிப் போடுங்கோ. இந்தப் புல்லு, இஞ்சி, கொத்தமல்லி மூண்டையும் தாராளமா அவிக்கலாம்.

கடற்கரையோரம் இருக்கிறவைக்கு இன்னொண்டு. வாடைக்காத்து அடிக்கேக்க இலையில உப்புப் படியும், நல்லா அலசுங்கோ. கச்சான் காத்துக் காலத்தில புதினா கருகிப்போகும். சாடியை நிழலுக்கு மாத்தி, காலமையும் பின்னேரமும் தண்ணி விடோணும்.

கிண்ணியாவிலிருந்து:

அக்கா, மூடிவைக்கிற விசயம் நூத்துக்கு நூறு சரி. நாங்க தேயிலையையும் விடுறதில்ல. எங்கட உம்மா இஞ்சியை இடிச்சு முதல்ல அவிப்பா, பிறகு தேயிலை, அடுப்பை நிப்பாட்டின பிறகுதான் ஒரு கொத்துப் புதினா. தேசிக்காய்ப்புளி கடைசியா, கோப்பையில. கந்தூரிச் சோறு தின்ட வயித்துக்கு இதைப்போல ஒண்டு இல்லையெண்டு நான் அடிச்சுச் சொல்லுவன்.

பிள்ளைகளுக்கு இருமல் வந்தாக் கற்பூரவள்ளி இலை ரெண்டைச் சுடுதண்ணியில ஊறவைச்சுத் தேன் விட்டுக் குடுக்கிறம். ஒரு வயசு நிரம்பாத பிள்ளைக்கு மட்டும் தேன் குடுக்கவே கூடாது. எங்கட ஊரில இன்னும் நாக்கில தடவுறவங்க இருக்காங்க, தயவுசெய்து நிப்பாட்டுங்க.

தம்பலகாமத்திலிருந்து:

எங்கட பக்கம் தேங்காய்ப்பூக்கீரைதான். சிங்கள ஆக்கள் பொல்பலா எண்டு சொல்லுறது. மழை பெய்ஞ்ச கையோட வளவெல்லாம் முளைக்கும். வேரோட பிடுங்கி, மண் போகக் கழுவி, ஒரு பிடியை மூண்டு கோப்பைத் தண்ணியில போட்டு ஒண்டரைக் கோப்பையா வத்தவிடுவம். வாசம் பெரிசா இல்லை, மண் மாதிரி ஒரு ருசி. பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடிச்சா அது தனிச் சுகம்.

வயல் வரம்பில பிடுங்காதேங்கோ. அங்க களைநாசினி அடிக்கிறவை. ரோட்டோரச் செடியும் வேண்டாம். சிறுநீர் பிரியுமெண்டுதான் இதைக் குடிக்கிறது, ஆனா சிறுநீரக வருத்தம் உள்ளவை டொக்டரிட்டக் கேக்காமல் தொடவே கூடாது. எங்கட மாவட்டத்தில பதவி சிறிபுரப் பக்கம் அந்த வருத்தம் எத்தினை குடும்பத்தை வாட்டுது. மருந்து குடிக்கிற ஆக்கள் எந்த இலையெண்டாலும் கேட்டிட்டுத் தொடங்குறது நல்லது.

கிண்ணியாவிலிருந்து:

அக்கா, எலுமிச்சைப்புல் நான் வைக்கிறதெல்லாம் பட்டுப்போகுது. ஒரு வழி சொல்லுங்க.

உப்புவெளியிலிருந்து:

தங்கச்சி, வேரோட பிரிச்ச நாத்தா வைங்கோ, ஓலையை ஒரு சாண் விட்டு வெட்டிப்போட்டு. மாரி தொடங்கேக்க நட்டா லேசாப் பிடிக்கும். வெயில் படுற, தண்ணி தேங்காத இடமாப் பாருங்கோ. என்னட்டப் பெரிய புதர் நிக்குது, இந்தப் பக்கம் வந்தால் பிடுங்கித் தாறன்.