தாத்தாவின் வரைபடங்களைக் காப்பகத்திற்குக் கொடுக்குமுன்

கேள்வி (பினாங்கு): கட்டடக் கலைஞராக இருந்த தாத்தாவின் நீலப்படிகளும் (நீலத் தாளில் வெள்ளைக் கோடுகளாக எடுத்த வரைபடப் படிகள், blueprints) கடிதங்களும் ஒரு தகரப் பெட்டியில் சுருண்டு கிடக்கின்றன. ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்குமுன் அவற்றை ஆண்டுவாரியாக அடுக்க வேண்டுமா?

மறுமொழி 1: வேண்டாம், ஐயா. எந்தக் கடிதம் எந்த வரைபடத்தோடு சுருட்டப்பட்டிருந்தது என்பதே ஒரு சான்றாகையால், காப்பகத்தார் உரியவர் வைத்திருந்த மூல ஒழுங்கையே பேணுவார்கள். (நான் ஒருமுறை அடுக்கிக் கொடுத்துவிட்டு வருந்தியவன்.)

மறுமொழி 2: நீலப்படியின் நிறம் பிரஷ்யன் நீலம் என்னும் நிறமி; சுண்ணம் போன்ற காரப் பொருள் (அமிலத்திற்கு எதிரானது, alkali) பட்டால் வெளிறிவிடும். ஆகவே மற்ற தாள்களுக்கு நன்மை செய்யும் சுண்ணம் கலந்த காப்புத்தாளில் அவற்றைச் சுற்றாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்திற்குப் பூஞ்சையையும் கவனியுங்கள்.

மறுமொழி 3 (கோலாலம்பூர்): இங்குள்ள தேசிய ஆவணக் காப்பகம் தனியார் ஆவணங்களையும் ஏற்கிறது. தாளைக் கொடுப்பது வேறு, பதிப்புரிமையைக் கொடுப்பது வேறு; மலேசியச் சட்டப்படி அவ்வுரிமை பொதுவாகப் படைப்பாளர் மறைந்து 50 ஆண்டுகள் வரை நீடிப்பதால், ஒப்பந்தத்தில் அதைத் தனியே எழுதச் சொல்லுங்கள்.